காலைக் கழற்றிய பிறகு எந்த அறை? கப்பலில் ஒரு கிளிநொச்சித் தாய்: நிகழ்வு ஆய்வு

பின்னணி

செயற்கைக் காலோடு நடக்கும் ஓர் அம்மாவுக்குச் சுற்றுலாக் கப்பலில் பொருந்தும் அறை தேடிய அலுவலின் பதிவு இது. 2023 நவம்பரில் தொடங்கி 2024 மே மாதத்தில் முடிந்தது. குடும்பத்தின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அவர்களின் பெயரோ கப்பலின் பெயரோ இதில் இல்லை. நான் கிளிநொச்சி மாவட்டத்தில் நடமாடச் சிரமப்படுகிறவர்களின் வீடுகளுக்குப் போய், சாய்தளம், கைபிடி, மலசலகூடம் போன்றவற்றை அவரவர் உடலுக்கு ஏற்றபடி அமைத்துக்கொள்ள உதவுகிறேன். கப்பலில் அறை பார்த்துக் கொடுப்பது என் வேலையில் சேராது. ஆனால் இந்தக் குடும்பத்தின் மகள் ஒருநாள் கைப்பேசியில் ஓர் அறையின் படத்தைக் காட்டி, "அக்கா, இதுக்குள்ள அம்மா புழங்குவாவா?" என்று கேட்டார். வீட்டு மலசலகூடத்துக்கு நான் தினமும் கேட்கிற கேள்வியே அது. அதனால் இறங்கிவிட்டேன்.

அம்மாவுக்கு அப்போது 71 வயது. இரணைமடு வாய்க்கால் ஓரக் கிராமம் ஒன்றில் மகளோடும் இரண்டு பேரப்பிள்ளைகளோடும் இருக்கிறார். மூத்த மகன் ரொறன்ரோவில், இளையவர் மெல்பேணில். 2009 ஏப்ரலில், போரின் கடைசி மாதங்களில், ஷெல் பட்டு அம்மாவின் இடது கால் முழங்காலுக்குக் கீழே போனது. புதுமாத்தளன் கரையில் இருந்து காயக்காரரை ஏற்றிப்போன செஞ்சிலுவைச் சங்கக் கப்பலில் புல்மோட்டைக்குக் கொண்டுபோனார்கள். பிறகு ஆஸ்பத்திரிகள், செட்டிக்குளம் இடம்பெயர்ந்தோர் முகாம், 2010இல் மீள்குடியேற்றம். யாழ்ப்பாணத்தில் அளவெடுத்துச் செய்த ஜெய்ப்பூர் கால் என்கிற செயற்கைக் காலோடு நடக்கிறார். இப்போது போட்டிருப்பது நாலாவது கால். பதினான்கு வருடமாகப் பாரத்தைத் தாங்கிய வலது முழங்கால் தேய்ந்துபோய்விட்டது.

கப்பல் யோசனை மூத்தவருடையது. அம்மாவின் கனடா விசா இரண்டு தடவை நிராகரிக்கப்பட்டிருந்தது. மூத்தவர் இங்கே வரும் நிலையில் இல்லை. இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் சிங்கப்பூருக்கு முன்கூட்டி விசா எடுக்கத் தேவையில்லை என்பதால் மூன்று நாட்டில் இருந்தும் அங்கே கூடலாம் என்று தீர்மானித்தார்கள். ஹோட்டல் என்றால் தினமும் வாகனம் ஏறி இறங்கி அம்மா களைத்துப்போவார். கப்பலில் ஒரே அறையில் இருந்துகொண்டே இடம் பார்க்கலாம், பிள்ளைகள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இருக்கலாம். நாலு இரவுப் பயணம், 2024 பெப்ரவரியில், சிங்கப்பூரில் இருந்து பினாங்கு, புக்கெட், திரும்பவும் சிங்கப்பூர். யோசனை நல்லது என்றே எனக்கும் பட்டது.

பகலில் பார்த்தவரும் இரவில் பார்த்தவரும்

முதல்முறை நான் போனது காலை பத்து மணிக்கு. அம்மா ஊன்றுகோலோடு படலை வரை நடந்துவந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனார். சேலைக்குக் கீழே செயற்கைக் கால் இருப்பது தெரியாதவருக்குத் தெரியாது. இரண்டு படி ஏறினார், கதிரையில் கை ஊன்றாமல் இருந்தார். பிள்ளைகள் வாட்ஸ்அப்பில் பார்ப்பது இந்த அம்மாவைத்தான். அழைப்பு வருகிற நேரம் தெரிந்து, காலைப் போட்டுக்கொண்டு, சேலையை வடிவாக உடுத்துக்கொண்டுதான் திரைக்கு முன்னால் இருப்பார் என்று மகள் சொன்னார். ரொறன்ரோவில் உள்ள பயண முகவர் "அம்மா நடப்பாவா?" என்று கேட்டபோது மூத்தவர் "ஓம், நடப்பா" என்று சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

கப்பல் அறையில் ஒருவர் பகலில் இருப்பது குறைவு. அதைப் பாவிப்பது இரவிலும் விடியற்காலையிலும்தான். அதனால் ஒரு சனிக்கிழமை இரவு அங்கேயே தங்கினேன்.

எட்டரை மணிக்கு அம்மா கட்டில் ஓரத்தில் இருந்து காலைக் கழற்றினார். உள்ளே போட்டிருந்த சொக்ஸை மெதுவாக உரித்து, மொட்டையை, அதாவது முழங்காலுக்குக் கீழே மிஞ்சியிருக்கும் காலின் நுனியை, ஈரத்துணியால் துடைத்து, விரலால் சுற்றிவரத் தடவி எங்கேயாவது சிவந்திருக்கிறதா என்று பார்த்தார். பிறகு காலைத் தலைமாட்டுச் சுவரோடு சாத்தி வைத்தார். இரண்டு மணிக்கு எழும்பினார். ஒரு பிளாஸ்டிக் கதிரையை முன்னால் தள்ளி, அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு வலது காலால் தாவினார். மூன்றாவது தாவலில் நின்று மூச்சு வாங்கினார். அறை மூலையில் கொமட் கதிரை இருக்கிறது. வெளியே உள்ள மலசலகூடத்துக்கு இரவில் போவதே இல்லை. குளிப்பதும் கால் இல்லாமல்தான். கிணற்றடியில் பலகையில் இருந்து வாளியில் அள்ளி ஊற்றிக்கொள்வார்.

"காலைக் கழட்டினாப் பிறகு நான் வேற ஆள், பிள்ளை. அந்த ஆளைப் பொடியளுக்குத் தெரியாது" என்றார்.

அந்த ஒரு சொல்லில்தான் முழு அலுவலும் திரும்பியது. நாளில் பத்துப் பதினொரு மணித்தியாலம் அவர் கால் இல்லாமல் இருக்கிறார். முந்திய வருடத்தில் இரண்டு தடவை விழுந்திருக்கிறார், இரண்டும் இரவில். அறையைத் தேர்ந்தெடுக்க வேண்டியது இந்த இரவு மனிதருக்காக. பகலில் நடக்கிற அம்மாவுக்கு எந்த அறையும் போதும்.

முதல் பதிவு

அப்போதே முற்பணம் கட்டியாகிவிட்டது. பல்கனியோடு கூடிய சாதாரண அறை, பக்கத்தில் மகன்மாரின் அறைகள். குளியலறைக் கதவின் அகலத்தையும் வாசற்கட்டின் உயரத்தையும் மட்டும் கேட்டுச் சொல்லுங்கள் என்று மகளிடம் சொன்னேன். நாலு நாளில் பதில் வந்தது. அகலம் 22 அங்குலம், வாசலில் ஐந்து அங்குலக் கட்டு. அம்மாவின் மடக்குச் சக்கர நாற்காலியை வெளிச்சில்லில் இருந்து வெளிச்சில்லு வரை அளந்தால் 25 அங்குலம். அதாவது நாற்காலி குளியலறைக்குள் போகாது. வாசலில் எழும்பி, ஒற்றைக் காலில் அந்தக் கட்டைத் தாண்டி உள்ளே தாவ வேண்டும், அதுவும் ஆடுகிற தரையில்.

கப்பல் குளியலறையில் அந்தக் கட்டு சும்மா இருப்பதில்லை. கப்பல் சரியும்போது தண்ணீர் படுக்கைப் பக்கம் ஓடாமல் தடுக்கத்தான் அது. இந்தக் குளியலறைகள் பெரும்பாலும் வெளியே முழுப் பெட்டியாகச் செய்து கப்பலுக்குள் இறக்கிப் பொருத்தப்படுகின்றன. அதனால் ஒருவருக்காகக் கதவை அகட்டவோ கட்டை வெட்டவோ முடியாது. பொருந்தும் அறையை எடுக்கலாம், அவ்வளவுதான்.

முகவர், கப்பலில் உதவிக்கு ஆட்கள் இருக்கிறார்கள், பயப்பட வேண்டாம் என்றார். அறையைத் துப்புரவாக்குவார்கள், சாப்பாடு கொண்டுவருவார்கள், உண்மைதான். குளிப்பாட்டுவது, தூக்கி இருத்துவது போன்ற உடல் பணிவிடை கப்பல் பணியாளரின் வேலையில் இல்லை. அதற்குக் கூட வருகிறவர்தான் பொறுப்பு. அம்மாவைத் தூக்கும் பலம் மகளுக்கு இல்லை. அம்மாவுக்கும் தன்னை ஒருவர் தூக்குவது பிடிக்காது.

இரண்டாவது பதிவும் பிழையாகப் போனது

பிறகு முகவர் மாற்றுத்திறனாளிகளுக்கான அறையாக மாற்றிவிட்டேன் என்று அறிவித்தார். மகள் சந்தோஷமாகக் கூப்பிட்டுச் சொன்னார். எந்த வகை என்று கேட்டேன். அப்படி வகை இருப்பது குடும்பத்தில் யாருக்கும் தெரியாது. எனக்கும் அந்த வாரம்தான் தெரிந்தது.

சில கப்பல் நிறுவனங்களில் இந்த அறைகள் மூன்று விதம். ஊன்றுகோலோடு நடக்கிறவருக்கானது ஒன்று. கைபிடிகள் இருக்கும், இருக்கை இருக்கும், ஆனால் சக்கர நாற்காலி திரும்ப இடம் இருக்காது. மற்ற இரண்டும் முழு நேரம் சக்கர நாற்காலியில் இருப்பவருக்கானவை. கதவுகள் 32 அங்குலம் அல்லது அதற்கு மேல், நாற்காலி முழுதாகத் திரும்ப ஐந்தடி வெளி, வாசற்கட்டு இல்லாத குளியலறை, மடக்கி இறக்கும் குளியல் இருக்கை, கையில் எடுத்துப் பிடிக்கும் ஷவர், உயர்ந்த கொமட். இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு கட்டிலில். ஒன்றில் கட்டிலின் இரண்டு பக்கத்துக்கும் நாற்காலி போகும். மற்றதில் ஒரு பக்கத்துக்கு மட்டும்.

முகவர் எடுத்திருந்தது முதல் வகை. "நடப்பா" என்று சொன்னதால் அதைத்தான் அவர் எடுப்பார். மூத்தவருக்கு நான் ஒரு குரல் பதிவு அனுப்பினேன். அம்மா இரவில் எப்படிப் போகிறார் என்று கண்டதைக் கண்டபடி சொன்னேன். அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்து, "சொல்லும் பிள்ளை, படம் மட்டும் அனுப்பாதையும்" என்றார். அன்று இரவே மூத்தவர் முழு வசதி அறை வேண்டும் என்று முகவருக்கு எழுதினார்.

ஆயிரத்துக்கு மேல் அறைகள் உள்ள கப்பலிலும் இப்படிப்பட்டவை சில பத்துத்தான் இருக்கும். டிசம்பர் நடுப்பகுதியில் நாங்கள் கேட்டபோது மீதம் இருந்தவை இரண்டே இரண்டு. பல்கனி உள்ளவை எல்லாம் போய்விட்டன. இன்ன அறை என்று எண் தராமல், பிறகு ஒதுக்குவோம் என்று மலிவாகக் கிடைக்கும் பதிவு ஒன்றும் இருக்கிறது. இளையவர் அதைப் பார்த்துச் சொன்னார். இப்படிப்பட்ட ஒருவருக்கு அதைத் தொடவே கூடாது.

யன்னல்

மீதம் இருந்த இரண்டில் ஒன்று மேல் தளத்தில், உட்பக்க அறை, யன்னல் இல்லை. லிப்டுக்கு எதிரே, கட்டிலுக்கு இரண்டு பக்கமும் வழி. மற்றது கீழ்த் தளத்தில், நடுப்பகுதிக்குச் சற்றுப் பின்னால், கடல் பார்க்கும் மூடிய யன்னலோடு. லிப்டில் இருந்து ஏழு கதவு தள்ளி, கட்டிலுக்கு ஒரு பக்கம்தான் வழி.

அளவுநாடாவோடு பார்த்தால் முதலாவதுதான் சிறந்தது. நான் அதைத்தான் சொன்னேன். மகள் தயங்கித் தயங்கி, "அக்கா, யன்னல் இல்லாத அறையில அம்மா படுக்கமாட்டா" என்றார். மின்சாரம் போன இரவுகளில் அம்மா எழும்பிக் கதவைத் திறந்துவிட்டு விறாந்தையில் வந்து இருப்பார். மூடிய இருட்டு அறை அவருக்கு பங்கர், போர்க்காலப் பதுங்குகுழி. இரணைமடுவில் இருந்து மாத்தளன் வரை எத்தனை பங்கருக்குள் இருந்திருப்பார் என்று கணக்கில்லை. அந்த வீட்டில் ஓர் இரவு முழுக்கத் தங்கியும், அவர் தலைமாட்டில் சின்ன விளக்கு எரிந்துகொண்டே இருந்ததைக் கண்டும், ஏன் என்று நான் கேட்கவில்லை. வன்னியில் வேலை செய்கிற ஒருவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அது.

இரண்டாவது அறையை எடுத்தோம். கப்பலின் ஆட்டத்தைப் பொறுத்தும் அதுவே நல்ல இடம். மீன்பிடிக்கப் போகிறவர்களுக்குத் தெரியும், வள்ளத்தின் முன்பக்கமான அணியத்தில் இருப்பவரைத் தூக்கி அடிக்கும் அலை நடுவில் இருப்பவரை அவ்வளவு அடிக்காது. கப்பலிலும் அப்படித்தான். முன்னும் பின்னும் ஏறி இறங்குவது கூட, உயரத்தில் பக்கச் சாய்வு கூட. நடுவிலும் கீழிலும் ஆட்டம் குறைவு. ஒற்றைக் காலில் நின்று இடம் மாறுகிறவருக்கு இது பெரிய விடயம். மலாக்கா நீரிணை சுமாத்திராவுக்கும் மலாயாவுக்கும் நடுவில் ஒதுங்கிக் கிடக்கிற கடல் என்பதும் எங்களுக்குக் கொஞ்சம் நிம்மதி.

அறை எண்ணைப் பதிவுச் சீட்டில் போட்டு வாங்கினோம். சிறப்புத் தேவைப் படிவத்தில் செயற்கைக் கால், மடக்கு நாற்காலியின் அகலம், இரவில் நாற்காலி மட்டுமே, லிப்ட் நின்றால் படி ஏற முடியாது, எல்லாவற்றையும் எழுதினோம். விலையில் அதே தரத்துச் சாதாரண அறைக்கும் இதற்கும் வேறுபாடு சொல்லப்படவில்லை.

வள்ளத்தில் இறங்கும் துறை

பினாங்கில் கப்பல் ஜோர்ஜ் டவுன் நகரத்துச் சுவெட்டன்ஹாம் துறைமேடையோடு அணைகிறது. பாலத்தால் இறங்கலாம், சாய்வு மட்டும் கடல் ஏற்ற வற்றத்தோடு மாறும். புக்கெட்டில் எங்கள் கப்பல் பட்டோங் கடற்கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு, ஆட்களைச் சிறு படகுகளில் கரைக்குக் கொண்டுபோகும் என்று அட்டவணையில் இருந்தது. அப்படிப்பட்ட துறையில் சக்கர நாற்காலிக்காரரை இறக்குவதா இல்லையா என்பதைக் கடலைப் பார்த்துக் கப்பல்காரர் அன்றைக்குத்தான் சொல்வார்கள்.

இதை அம்மாவிடம் விளக்கினேன். அவர் இடைமறித்தார். மாத்தளனில் கரைக்கு வரக் கப்பலுக்கு ஆழம் இல்லை. காயக்காரரை வள்ளத்தில் ஏற்றிக் கொண்டுபோய், அலைக்குள் கப்பலுக்கு ஏற்றினார்கள். "வள்ளத்தில இருந்து கப்பலுக்கு ஒருக்கா ஏறினது காணும்" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. புக்கெட்டில் அவர் இறங்குவதில்லை, பேரப்பிள்ளைகள் இறங்கட்டும், மகன்மாரில் ஒருவர் மாறி ஒருவர் அம்மாவோடு கப்பலில் நிற்பது என்று வீட்டிலேயே முடிவு செய்தோம். அன்றைக்கு அந்த இடத்தில் நின்று ஏமாறாமல் இருக்க இது உதவியது.

முற்றத்தில் ஒத்திகை

கப்பல்காரரின் அறைப் படத்தைப் பார்த்து, முற்றத்தில் சுண்ணாம்பால் அதே அளவில் கீறினோம். பேரன் நாடாவைப் பிடித்தான். கட்டில், மேசை, குளியலறை, கொமட் எல்லாவற்றுக்கும் கோடு. உள்ளே கட்டிலைக் கொண்டுவந்து போட்டு, கால்களுக்குக் கீழே செங்கல் வைத்தோம். கப்பல் கட்டில்களுக்குக் கீழே பயணப் பெட்டி வைப்பதால் அவை உயரம். எங்களுக்குச் சொன்னது 22 அங்குலம், வீட்டுக் கட்டில் 18. முதல் நாள் அம்மாவால் ஏற முடியவில்லை. நாற்காலியில் மெத்தை ஒன்று போட்டு இரண்டு அங்குலம் உயர்த்தியதும் முடிந்தது. அந்த மெத்தை பயணத்துக்குப் போனது.

ஒத்திகையில்தான் கட்டில் பக்கத்தின் சிக்கல் தெரிந்தது. அம்மாவுக்கு இருப்பது வலது கால். இடம் மாறும்போது வலப்பக்கம் நோக்கி மாறினால்தான் பலம். எழும்பிக் கட்டில் ஓரத்தில் இருக்கும்போது நாற்காலி அவரது வலக்கைப் பக்கம் நிற்க வேண்டும். மல்லாந்து படுத்திருப்பவர் இடப்பக்கத்தால் எழும்பினால், வலக்கைப் பக்கம் கால்மாடு வரும், அங்கே நாற்காலிக்கு இடம் இருக்கும். வலப்பக்கத்தால் எழும்பினால் வலக்கைப் பக்கம் தலைமாட்டு மேசை வந்துவிடும். ஒரு பக்கம் மட்டும் வழி உள்ள அறையில் அது எந்தப் பக்கம் என்பதுதான் எல்லாம். இரண்டு தடவை எழுதிக் கேட்டோம். பதில் வரவில்லை. நாங்களும் அதைத் தொடர்ந்து கேட்காமல் விட்டோம்.

கப்பலில் நடந்தது

கப்பலில் நான் இல்லை. இனி எழுதுவது மகள் ஒரு கொப்பியில் எழுதிவந்ததும், இரவில் அவர் அனுப்பிய காணொளிகளும்.

கிளிநொச்சியில் இருந்து கட்டுநாயக்காவுக்கு வானில் ஒரு முழுப் பகல். நள்ளிரவு விமானம், நாலு மணித்தியாலம். காலைக் கழற்றாமலே இருந்தார். விமானத்தில் மொட்டை வீங்கும், மொட்டை நுழைகிற சொக்கெட் இறுகும், இது தெரிந்த விடயம். தளர்த்தச் சொல்லியிருந்தேன். பக்கத்தில் முன்பின் தெரியாதவர் இருந்ததால் அவர் தளர்த்தவில்லை. விமானச் சீட்டில் சக்கர நாற்காலிக் குறியின் கடைசி எழுத்து ஆர் என்று போடப்பட்டிருந்தது. அது தூரம் நடக்க முடியாது, படி ஏறுவார் என்று பொருள். படியும் முடியாது என்றால் எஸ், ஆசனம் வரை தூக்கிப்போக வேண்டும் என்றால் சி. அம்மாவுக்கு எஸ் கேட்டிருக்க வேண்டும். அதைப் பார்க்காமல் விட்டது நானும் மகளும்.

அன்று பகலே கப்பல் ஏற்றம். மரீனா பே முனையத்தில் மகன்மார் காத்திருந்தார்கள். மூத்தவரை அம்மா கண்டு 17 வருடம். நாற்காலியில் இருந்து எழும்பி, ஊன்றுகோலோடு நடந்துதான் போனார். யார் சொல்லியும் கேட்கவில்லை. நான் அங்கே நின்றிருந்தாலும் தடுத்திருக்கமாட்டேன். பிறகு வரிசையிலும் நடந்தார்.

மாலையில் காலைக் கழற்றியபோது முன் எலும்பு நுனியில் ஒரு ரூபாய்க் குற்றி அளவு தோல் உரிந்திருந்தது. புண் இருக்கும்போது கால் போடக் கூடாது, போட்டால் வாரக்கணக்கில் ஆறாது. அம்மாவுக்கு அது நன்றாகத் தெரியும். காலைத் துணியில் சுற்றி அலமாரிக்குள் வைக்கச் சொன்னார். அடுத்த மூன்று நாளும் அவர் பகலிலும் இரவு மனிதர்தான். முதலில் பதிந்த அறையாக இருந்திருந்தால் பயணம் அந்த மாலையோடு முடிந்திருக்கும். இந்த அறையில் அவர் தன் பாட்டில் கொமட்டுக்குப் போனார், தன் பாட்டில் குளித்தார். குளியலறைக் காணொளியில் அவர் மடக்கு இருக்கையில் இருந்துகொண்டு, ஷவரைக் கையில் பிடித்துத் தண்ணீரைத் தோளில் விட்டுவிட்டு, "வாளி தேவையில்லை பார்" என்று மகளுக்குச் சொல்வது கேட்கிறது. கட்டு இல்லாத வாசலால் கொஞ்சம் தண்ணீர் படுக்கைப் பக்கம் வந்தது. துவாயைச் சுருட்டி வாசலில் போட்டார்கள்.

கட்டில் நாங்கள் பயந்த பக்கம்தான். வழி இருந்தது வலப்பக்கம், தலைமாட்டில் பூட்டிய மேசை. மகளும் மகன்மாரும் கட்டிலை இழுக்கலாமா, மேசையைக் கழற்றச் சொல்லலாமா என்று கதைத்துக்கொண்டு நிற்க, அம்மா சொன்னார்: "தலைகணியைத் தூக்கிக் கால்மாட்டில போடுங்கோ." அவ்வளவுதான். தலை கால்மாட்டுக்குப் போனதும் அவர் எழும்பி இருக்கும் இடம் மேசையை விட்டுத் தள்ளிப் போய், வலக்கைப் பக்கம் நாற்காலிக்கு இடம் வந்துவிட்டது. விளக்குச் சுவிட்ச் எட்டாமல் போனதால் டோர்ச் ஒன்றை அருகில் வைத்துக்கொண்டார்.

புறப்படும் முன் பாதுகாப்பு ஒத்திகை. 2012இல் இத்தாலியில் கொஸ்டா கொன்கோர்டியா கப்பல் கவிழ்ந்த பிறகு, பயணிகள் ஏறியதும் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ இதை நடத்த வேண்டும் என்று சர்வதேச விதி மாறி, 2015 முதல் நடப்பில் இருக்கிறது. கூடும் இடம் மேல் தளத்தில். ஆபத்து நேரத்தில் லிப்ட் ஓடாது. படிவத்தில் எழுதியிருந்ததால் அம்மாவின் அறை எண் பணியாளரின் பட்டியலில் இருந்தது. படியால் ஆளைக் கொண்டுபோகும் மீட்புக் கதிரையோடு யார் வருவார், அதுவரை அறையிலேயே இருக்க வேண்டும் என்பதை மகளுக்கு விளக்கினார்கள். கீழ்த் தளத்தை எடுக்கும்போது எனக்கு இருந்த ஒரே பயம் இதுதான்.

எதிர்பாராத சிரமம் அறைக் கதவு. தானே மூடிக்கொள்ளும் பாரமான தீக்கதவு. நாற்காலியில் இருந்தபடி அதை இழுத்துத் திறந்து பிடித்துக்கொண்டு வெளியே வர அம்மாவால் முடியவில்லை. திறந்து வைக்கவும் கூடாது, நாற்காலியை நடைபாதையில் விடவும் கூடாது. ஆகவே அறைக்குள் சுதந்திரம், வெளியே போக யாராவது வர வேண்டும். அறை அறையாகத் தொலைபேசி எண்களைப் பெரிதாக எழுதி ஒட்டிவைத்தார்கள்.

பினாங்கில் மூத்தவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு குயின் வீதி மாரியம்மன் கோவிலுக்குப் போனார். 1833இல் கட்டிய கோவில், துறைமேடையில் இருந்து தூரமில்லை. அங்குள்ள கடைவிறாந்தைகள் கடைக்குக் கடை மேடும் பள்ளமுமாக இருந்ததால் வீதியோரத்தால்தான் தள்ள முடிந்தது. அம்மாவைக் கால் இல்லாமல் மகன் பார்த்தது அதுவே முதல் தடவை. அதைப் பற்றி மகளின் கொப்பியில் ஒரு வரிதான்: "அண்ணா ஒன்றும் கதைக்கவில்லை, திரும்பி வந்ததும் அம்மாவின் மொட்டையைத் தானே துடைத்துவிட்டான்."

புக்கெட் நாளில் அம்மா யன்னலோரத்தில் இருந்தார். படகுகள் போய்வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார் என்று இளையவர் சொன்னார். இரவில் தூக்கம் வராதபோதும் நாற்காலியைத் தானே யன்னலுக்குத் தள்ளிப் போய், தூரத்தில் மீன்பிடி வள்ளங்களின் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு வந்து படுத்திருக்கிறார். நாலு இரவிலும் விழவில்லை. நாலாம் நாள் மாலை புண் காய்ந்து, சாப்பாட்டு மண்டபத்துக்கு ஒரு மணித்தியாலம் காலைப் போட்டுக்கொண்டு போனார். ஊருக்கு வந்து பத்து நாளில் தோல் முழுதாக மூடியது.

இன்னொரு முறை என்றால்

ஒருநாள் முன்னதாகச் சிங்கப்பூருக்குப் போய், காலைக் கழற்றி வைத்து நீட்டிப் படுத்து, வீக்கம் வற்றிய பிறகுதான் கப்பல் ஏறச் சொல்வேன். அந்த ஒரு இரவுக்கான ஹோட்டல் காசை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் மூன்று நாள் காலைப் போட முடியாமல் போனது. விமானச் சீட்டின் குறியை என் கண்ணால் பார்ப்பேன். கட்டிலின் பக்கத்துக்குப் பதில் வரும்வரை கேட்பேன். அறையின் நிலைப்படம் மட்டும் இல்லாமல், அதே அறையில் எடுத்த காணொளி கேட்பேன். கதவின் பாரத்தை எந்தப் படிவமும் கேட்கவில்லை, அதையும் கேள்வியில் சேர்ப்பேன்.

வெளிநாட்டில் இருந்து பதிவு செய்கிற பிள்ளைகளிடம் முதல் கேள்வியையே மாற்றுவேன். நடப்பாரா என்று கேட்காமல், இரவு இரண்டு மணிக்கு எப்படி மலசலகூடம் போகிறார் என்று கேட்கச் சொல்வேன். பெற்றவர் தானாகச் சொல்லமாட்டார். பக்கத்தில் இருக்கிற பிள்ளைதான் சொல்ல வேண்டும், அதையும் அவரின் சம்மதத்தோடு.

அம்மா வந்து இறங்கிய கையோடு வீட்டுக்குள் குளியலறை வேண்டும் என்றார். மகன்மார் காசு அனுப்பினார்கள், நான் அளவு கொடுத்தேன். கதவு 33 அங்குலம், வலக்கைப் பக்கம் தரையில் இருந்து 33 அங்குல உயரத்தில் கைபிடி, சுவரோடு மடக்குகிற இருக்கை. மே மாதம் வேலை தொடங்கியபோது மேசன் வாசலில் கட்டு வைக்காமல் கட்டமாட்டேன் என்றார், தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிடும் என்று. அம்மா கைப்பேசியில் கப்பல் குளியலறையின் காணொளியைப் போட்டு, தண்ணீர் எங்கே ஓடியது, துவாயை எங்கே போட்டோம் என்று நிறுத்தி நிறுத்திக் காட்டினார். மேசன் இரண்டு நாள் யோசித்துவிட்டு, கட்டு இல்லாமல், தரையை உள்மூலைக்குச் சரிவாகப் போட்டுத் தந்தார்.